வெயிலூக்கியா, ஒளிவினையூக்கியா?

அன்பர்களுக்கு வணக்கம்.

சாயக் கழிவுநீரை வெயிலின் துணையால் தூய்மையாக்கும் நானோ பொருள்களுக்கு (ஆங்கிலத்தில் photocatalyst) ‘வெயிலூக்கி’ என்று பெயரிடலாம் என்ற முன்மொழிவைப் படித்தேன். திருநெல்வேலிச் சீமையில் எவருக்கும் விளக்காமலே விளங்கும் சொல்தான். ஆயினும் அதை ஏற்கத் தயங்குகிறேன். வெயில் என்றதும் நம் பக்கத்தில் வெளிச்சத்தைவிடச் சூட்டைத்தான் முதலில் நினைப்பார்கள். இங்கே வேலை செய்வதோ சூடு அன்று. இதற்குப் பயன்படும் வெண்தூளான டைட்டானியம் டை ஆக்சைடின் அனடேசு என்ற படிக வடிவத்துக்கு ஆற்றல் இடைவெளி, அதாவது அதிலுள்ள எலக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவத் தேவையான ஆற்றல், ஏறத்தாழ 3.2 எலக்ட்ரான் வோல்ட். அதைத் தாண்ட, சுமார் 388 நானோமீட்டருக்கு மேற்படாத அலைநீளமுடைய ஒளி வேண்டும். அத்தகைய புற ஊதா ஒளி, தரைக்கு வந்து சேரும் வெயிலின் ஆற்றலில் நூற்றுக்கு நான்கைந்து பங்குதான். சித்திரை வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் எஞ்சிய பங்கு அந்தப் பொருளைத் தூண்டாது. ஆய்வகத்தில் புற ஊதா விளக்கின் கீழும் இதே வினை நடக்கிறது. அதை வெயிலூக்கம் என்று எப்படிச் சொல்வது?

அதற்கு மாற்றான ‘ஒளியூக்கி’ என்பது சுருக்கமானது. இலங்கைப் பாடநூல் வழக்கில் ‘ஊக்கி’ தனித்து நின்றே வேதிவினையை விரைவுபடுத்தும் பொருளை (catalyst) குறிக்கும் என்பதும் உண்மை. ஆனால் அம்பாசமுத்திரத்து உரக்கடையில் ‘வளர்ச்சி ஊக்கி’ என்றால் வளர்ச்சியை ஊக்குவது என்றே பொருள். அதே தடத்தில் படிப்பவர் ஒளியூக்கியை ஒளியை ஊக்குவது என்று இரண்டாம் வேற்றுமைத் தொகையாகக் கொள்வார். ‘ஒளிவினையூக்கி’யில் அந்தக் குழப்பம் இல்லை. ஒளியால் வினையை ஊக்குவது என்று பிரித்தாலும், ஒளிவினையை ஊக்குவது என்று பிரித்தாலும் பொருள் கெடவில்லை. நம் பள்ளிப் பாடநூல்களின் ‘வினைவேக மாற்றி’ பிழையற்றதே, ஆனால் முன்னே ‘ஒளி’யையும் பின்னே ‘சிதைவு’ என்பதையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், மூச்சு முட்டும்.

இதனினும் எனக்குக் கவலை தருவது ‘சாயநீக்கம்’ என்ற சொல். மெத்திலீன் நீலம் என்ற சாயத்தின் கரைசலில் இந்த வெண்தூளைப் போட்டு இருட்டிலேயே கலக்கினாலும் நீர் ஓரளவு வெளிறும். தூளைப் பிரித்தெடுத்துப் பார்த்தால் அது நீலமேறியிருக்கும். அது பரப்புக் கவர்தல். சாயம் இடம் மாறியதே ஒழிய அழியவில்லை. ஒளி பட்டபின் நடப்பது வேறு. எலக்ட்ரான் மேலே தாவ, அது விட்டுச்சென்ற துளை, நீரிலிருந்தோ ஹைட்ராக்சைடு அயனியிலிருந்தோ ஹைட்ராக்சில் தனி உறுப்பை (radical) உண்டாக்குகிறது. தாவிய எலக்ட்ரானைக் கரைந்துள்ள ஆக்சிஜன் வாங்கிக்கொள்கிறது. இவ்வாறு பிறக்கும் வீரியமிக்க துகள்கள் சாய மூலக்கூற்றை உடைக்கின்றன. அசோ சாயத்தில் இரு நைட்ரஜன்களுக்கு இடைப்பட்ட இரட்டைப் பிணைப்பு அறுந்தாலே நிறம் போய்விடும், ஆனால் உடைந்த துண்டுகள் நீரிலேயே இருக்கக்கூடும். அவை அரோமேட்டிக் அமீன்களாக (பென்சீன் போன்ற வளையத்தோடு நைட்ரஜன் இணைந்த சேர்மங்களாக) இருந்தால், அவற்றுள் சில புற்றுநோயை உண்டாக்க வல்லவை. பத்தமடையில் பாய்க்கோரையைச் சாயமேற்றியபின் மிஞ்சும் நீரைக் கண்ணாடிபோல் தெளியவைத்துக் காட்டி, ‘சாயம் நீங்கியது’ என்று ஒருவர் எழுதினால், அதை நம்பி வாய்க்காலில் திறந்துவிட யாரும் தயங்கமாட்டார்கள்.

ஆகவே, தூளில் ஒட்டிக்கொள்வதற்குப் ‘பரப்புக் கவர்தல்’, கண்ணுக்கு வண்ணம் மறைவதற்கு ‘நிறநீக்கம்’, மூலக்கூறு உடைவதற்கு ‘ஒளிவினையூக்கச் சிதைவு’, சாயத்தின் கார்பன் முழுவதும் கார்பன் டை ஆக்சைடாக முடிவதற்குக் ‘கனிமமாக்கம்’ எனத் தனித்தனியே பதிவுசெய்ய வேண்டுகிறேன். கடைசியானது நடந்ததா என்பதை நிறமானி சொல்லாது. நீரில் எஞ்சிய மொத்தக் கரிமக் கார்பனை அளந்தால்தான் தெரியும்.

‘நானோ’வை ‘நுண்’ ஆக்குவதிலும் எனக்கு உடன்பாடில்லை. நுண்ணுயிரி பெரும்பாலும் மைக்ரோமீட்டர் (ஆயிரம் நானோமீட்டர்) அளவினது. இத்தூளின் துகளோ பல வேளைகளில் இருபது, முப்பது நானோமீட்டர்தான். அவ்வளவு சிறியதாதலால் சாதாரண வடிதாளில் தங்காது. கண்ணாடியிலோ மணலிலோ ஒட்டவைத்துப் பயன்படுத்துவதும் அதனால்தான். அவ்வகைக்குப் ‘பதித்த ஒளிவினையூக்கி’ என்பது என் முன்மொழிவு. அதையே ‘நிலைப்படுத்திய’ என்றால், கெடாமல் காக்கப்பட்டது என்றும் கொள்ள இடமுண்டு.