ஒல்லாந்து கேட்ட மன்னிப்பில யாழ்ப்பாணமும் அடங்குமா?

வலிகாமத்தான் (கேள்வி):
2022 டிசம்பர் 19இல நெதர்லாந்துப் பிரதமர் மார்க் ருட்டே அடிமைமுறைக்காக அரசின்ர பேரில மன்னிப்புக் கேட்டவர். 2023 யூலை 1இல மன்னரும் கேட்டவர். ஒல்லாந்தர் (நெதர்லாந்துக்காரர்) 1658 தொடக்கம் 1795 வரை எங்களை ஆண்டவை. அந்த மன்னிப்பில யாழ்ப்பாணத்தில அடிமைப்பட்ட எங்கட ஆக்களும் அடங்குகினமா? அரசாங்கம் இப்பிடிக் கேக்கிறதால என்ன பிரயோசனம்?

கொக்குவில் வாசகர்:
அடங்குகினம். ருட்டே அத்திலாந்திக் அடிமை வியாபாரத்தை மட்டும் சொல்லேல்லை. ஆசியாவில ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின்ர பகுதியளில 660,000 தொடக்கம் 10 இலட்சத்துக்கு மேல வரை ஆக்கள் விக்கப்பட்டதையும் சொன்னவர். மன்னிப்பையும் உலகத்தில எங்கையும் அடிமைப்பட்டவையிட்டயும் அவையின்ர சந்ததியிட்டயும் கேட்டவர். ஆனா 20 கோடி யூரோ நிதியம் சூரினாமையும் கரீபியன் தீவுகளையும் நெதர்லாந்தையும் நோக்கித்தான். பேச்சில இருக்கிறம், காசில இல்லை.

பிரயோசனம் எது முதல், எது பிறகு எண்ட ஒழுங்கைப் பொறுத்தது. 2009இல அமெரிக்கச் செனட் அடிமைமுறைக்கு மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றினது. அதிலயே, நாட்டுக்கு எதிரான எந்தக் கோரிக்கைக்கும் இது ஆதரவில்லை எண்டு ஒரு பிரிவையும் சேர்த்தது. அதே நாடு உலகப்போரில முகாமில அடைச்ச யப்பானிய வம்சாவளி ஆக்களுக்கு வேறமாதிரிச் செய்தது: முதலில விசாரணை ஆணைக்குழு, பிறகு அறிக்கை, 1988இல சட்டம், உயிரோட இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர், சனாதிபதி ஒப்பமிட்ட கடிதம். உண்மையைப் பதிஞ்ச பிறகு வந்த மன்னிப்பு எண்டபடியால ஒருத்தரும் பின்வாங்கேலாமல் போச்சு.

வடமராட்சி:
பிரித்தானியாவை ஏன் விடுறியள்? 1806இல தேசவழமையை (யாழ்ப்பாணத் தமிழரின்ர வழக்கச் சட்டத்தை) சட்டமாக்கினது அவை. அடிமையளைப் பற்றின விதியளும் அதுக்குள்ள. 1833 அடிமை ஒழிப்புச் சட்டம் இலங்கையைப் பேர் சொல்லி விலக்கினது. இங்க முழு ஒழிப்பு 1844இலதான். 1833 சட்டத்தின்படி 2 கோடி பவுண் நட்டஈடு அடிமை உடைமையாளருக்குப் போச்சு, அடிமைப்பட்டவைக்கு ஒரு சதமும் இல்லை. அதுக்கு வாங்கின கடனை பிரித்தானிய வரிக்காசில கட்டி முடிச்சது 2015இல. பழைய கதை எண்டு சொல்லுற ஆக்களுக்கு இதைக் காட்டுங்கோ.

தீவகத்தாள்:
அண்ணைமார், ஹேக்குக்கும் (நெதர்லாந்து அரசு இருக்கிற நகரம்) லண்டனுக்கும் மட்டும் கடிதம் எழுதினா அரைவாசிதான் எழுதினதாகும். 1707இல ஒல்லாந்தரின்ர யாழ்ப்பாணத் திசாவை (நிர்வாக அதிகாரி) கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையை 12 தமிழ் முதலிமார் பார்த்து ஒப்புதல் குடுத்தவை. கோவியர், நளவர், பள்ளர் எண்டு சாதியாகவே அடிமையாக்கி வைச்சிருந்த எசமான்மார் எங்கட ஆக்கள்தான். 1844க்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியளுக்குக் கிணறும் கோயிலும் தேத்தண்ணிக் கடையும் பூட்டித்தான் கிடந்தது. 1957இல அதைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தும், 1968இல மாவிட்டபுரத்தில கோயில் வாசலில போராட வேண்டி வந்தது. எங்கட கோயில் சபையளும் எழுத்தில மன்னிப்புக் கேக்கவேணும்.

வலிகாமத்தான்:
அப்ப முதல் என்ன கேக்கிறது, தங்கச்சி?

தீவகத்தாள்:
ஆவணம். தோம்புகளும் (ஒல்லாந்தர் எழுதின காணி, ஆள் பதிவேடுகள்) கம்பனிக் கடதாசியளும் கொழும்புச் சுவடிகள் திணைக்களத்திலயும் ஹேக்கிலயும் இருக்கு. தமிழாக்கத்துக்கும் பழைய ஒல்லாந்து எழுத்து வாசிக்கப் பழக்கிறதுக்கும் காசு கேளுங்கோ. ஆனா பேர்ப்பட்டியலை அப்பிடியே இணையத்தில போடவேண்டாம். ஊரையும் பேரையும் வைச்சு இண்டைக்கும் ஒரு குடும்பத்தின்ர சாதியைத் தேடிப் பிடிப்பினம், கலியாணம் குழம்பும். எதை வெளிவிடலாம் எண்டதை அந்தச் சமூகத்து ஆக்கள்தான் தீர்மானிக்கவேணும். நெதர்லாந்தில தங்களைக் கேளாமல் மன்னிப்புக்குத் திகதி வைச்சதுக்கே சூரினாம் அமைப்புகள் நீதிமன்றம் போனவை. கடிதத்தின்ர முதல் வரைவையே எங்கட ஒடுக்கப்பட்ட சமூகத்து ஆக்களோட இருந்து எழுதுங்கோ.