மஞ்சள் மாத்திரை சாப்பிட்டவர்கள் உண்டா? என் அனுபவம் இது

எனக்கு வயது 58. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். படி இறங்கும்போது கைப்பிடியை விட்டால் போச்சு. வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியதால் ஆறு மாதம் முன்பு மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற சத்தைப் பிரித்தெடுத்துச் செய்த மாத்திரைக்கு மாறினேன். இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வாரம், காலையில் எழுந்ததும் இருக்கும் விறைப்பு கொஞ்சம் தளர்ந்தது. வலி போகவில்லை, குறைந்தது, அவ்வளவுதான். 2014இல் தாய்லாந்தில் நான்கு வாரம் மஞ்சள் சாறு மாத்திரையையும் இபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முழங்கால் வலி இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது; வயிற்று உபாதை மஞ்சள் சாப்பிட்டவர்களுக்குக் குறைவு. என் வயிறும் அதையேதான் சொல்கிறது. உங்களுக்கு எப்படி?

—

சார், எனக்கு நேர் எதிர். நான் எடுத்தது மிளகில் உள்ள பைப்பரின் என்ற காரப்பொருள் சேர்த்த குர்குமின் மாத்திரை. இரண்டாவது மாதம் உள்ளங்கையில் அரிப்பு. அப்புறம் சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக் குடம் குடமாகக் குடித்தேன். கண் மஞ்சளானதும்தான் பயந்தேன். ரத்தப் பரிசோதனையில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏ.எல்.டி. என்ற நொதி, 40க்குள் இருக்க வேண்டியது, 900ஐத் தாண்டியிருந்தது. "மூலிகைதானே" என்று இழுத்தேன். டாக்டர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். ஒரு தேக்கரண்டி, அதாவது 3 கிராம் தூளில் 90 மில்லிகிராம்தான். அதிலும் பெரும்பகுதி உடம்பில் சேராமலே வெளியேறிவிடும். என் மாத்திரையிலோ 500. போதாததற்குப் பைப்பரின். அது குர்குமினை ரத்தத்தில் ஏறக்குறைய 20 மடங்கு கூட்டும் என்று 1998லேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மாத்திரையை விளம்பரப்படுத்தியதே அந்த 20 மடங்கை வைத்துத்தான்! இப்படிக் கல்லீரல் கெட்டவர்கள் பலரிடம் எச்.எல்.ஏ.-பி*35:01 என்ற மரபணு வகை இருந்ததாக அமெரிக்க மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதனால் எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல மாட்டேன். எனக்கு நிறுத்திய ஏழாவது வாரம்தான் அளவு இறங்கியது. சமையலில் மஞ்சள் இன்றும் போடுகிறேன், ஒன்றும் செய்யவில்லை.

—

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். நானும் அதைச் சாப்பிடுகிறவன்தான். குர்குமின் தொடங்கிய மூன்றாவது வாரம் பல் துலக்கும்போது ஈறிலிருந்து ரத்தம். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு எனக்கு 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும்; அது 4.6 ஆகிவிட்டது. நிறுத்தியதும் இறங்கிவிட்டது. பித்தப்பையில் கல் இருப்பவர்களும் கேட்டுக்கொண்டு சாப்பிடுவது நல்லது. குர்குமின் பித்தப்பையைச் சுருங்க வைக்கும்.

—

மேலே முழங்கால் கதை எழுதியவன்தான். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடி போட்டும் படிக்க முடியாத எழுத்தில், கடைசி வரியில் பைப்பரின் 5 மில்லிகிராம். ஆறு மாதமாக இது என் கண்ணில் படவே இல்லை. அரிப்பு, நிறமாற்றம் எதுவும் இல்லை. இருந்தாலும் இன்றைய மாத்திரையை எடுக்கவில்லை. நாளைக் காலை கல்லீரல் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கிறேன். முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.