ஆறு சர்வோவுக்கு கம்மி செலவுல பவர் கொடுக்கிறது எப்படி?

கேள்வி:
டிப்ளமோ கடைசி வருஷம், ரோபோ கை செய்றேன். மூட்டுகளுக்கு நாலு பெரிய எம்ஜி996ஆர் சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்புற மோட்டர்), பிடிக்கு ரெண்டு சின்ன எஸ்ஜி90 சர்வோ. எல்லாத்தையும் ஆர்டுயினோ ஊனோங்கிற கன்ட்ரோல் போர்டோட 5 வோல்ட் பின்ல கொடுத்திருக்கேன். ஒரு சர்வோன்னா ஓடுது. ரெண்டாவது அசைஞ்சாலே கை உதறி, போர்டு ரீசெட் ஆகுது. 9 வோல்ட் பேட்டரி போட்டும் அதே கதைதான். கையில 500 ரூபாய் இருக்கு. என்ன வாங்கலாம்?

பதில்:
தம்பி, புரோகிராம்ல தப்பு தேடாதீங்க, கரண்ட் பத்தல. எம்ஜி996ஆர் சுமை தாங்காம நின்னுட்டா ஒண்ணே 2.5 ஆம்பியர் வரை இழுக்கும். யூஎஸ்பில ஊனோவுக்கு வர்றது அரை ஆம்பியர். அந்த 9 வோல்ட் பேட்டரி மல்டிமீட்டருக்குப் போடுறது, மோட்டருக்கு இல்ல.

500 ரூபாயை அப்படியே வைங்க. கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில ஓடுற பழைய எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குப் பவர் கொடுக்கிற பெட்டி) கேளுங்க. லேபிள்ல 5 வோல்ட்டுக்கு நேரா 15 ஆம்பியருக்குக் குறையாம இருக்கணும். பெரிய கனெக்டர்ல பச்சை ஒயரைப் பக்கத்துக் கறுப்போட சேர்த்தா ஆன் ஆகும். சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட் (மைனஸ்). மஞ்சள் 12 வோல்ட், அதை சர்வோ பக்கமே கொண்டுபோகாதீங்க. பெட்டியைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே மின்சாரத்தைச் சேமிக்கிற கெப்பாசிட்டர்ல 300 வோல்ட் நிக்கலாம்.

சர்வோ பவரை பிரெட்போர்டு (ஒயரைச் செருகுற ஓட்டைப் பலகை) வழியா எடுக்காதீங்க, உருகிடும். ரெண்டு மூணு சிவப்பு ஒயரைச் சேர்த்து சால்டர் பண்ணுங்க. எஸ்எம்பிஎஸ் கறுப்பையும் ஊனோ கிரவுண்டையும் கட்டாயம் இணைக்கணும், இல்லேன்னா சர்வோ இஷ்டத்துக்கு ஆடும். ஊனோவுக்கு யூஎஸ்பியே போதும், சிவப்பை அதுல கொடுக்காதீங்க.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. வீட்ல பவர் பேங்க் இருக்கு, அது ஆகாதா?

இன்னொரு பதில்:
சாதாரண பவர் பேங்க் 2 ஆம்பியர் சொச்சம்தான் தரும், மீறினா கட் ஆகிடும். எஸ்எம்பிஎஸ்ஸே போடுங்க. சர்வோக்களுக்குப் பக்கத்துல 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெப்பாசிட்டர் ஒண்ணு வைங்க, பிளஸ் மைனஸ் மாறாம. எல்லா மூட்டையும் ஒரே நேரத்துல கிளப்பாம, 200 மில்லிசெகண்ட் இடைவெளி விட்டுக் கிளப்புங்க.

கேள்வி கேட்டவர்:
எஸ்எம்பிஎஸ் கிடைச்சிடுச்சு, 5 வோல்ட்ல 20 ஆம்பியர்னு போட்டிருக்கு.

முதல் பதில் எழுதியவர்:
அருமை தம்பி! முதல்ல தோள் மூட்டை மட்டும் எடையோட தூக்க விடுங்க. தூக்கும்போது சர்வோ ஒயர் முனையில மீட்டர் வைங்க. 4.8 வோல்ட்டுக்குக் கீழ போனா ஒயர் மெல்லிசுன்னு அர்த்தம். தடிமனா மாத்திட்டு அடுத்த மூட்டுக்குப் போங்க.