‘வலி 0 முதல் 10 வரை எவ்வளவு?’ உங்கள் வலிப் பதிவுகளை யாராவது உட்கார்ந்து பார்த்ததுண்டா?

வானம்பாடி
அந்தக் கேள்வியை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எனக்கு இடுப்பும் முதுகும். எப்போது கேட்டாலும் 7 என்பதுதான் என் பதில். புதிதாகப் பார்த்த வலி மருத்துவர் என் பழைய படிவங்களை எல்லாம் கணினியில் ஏற்றி, திரையை என் பக்கம் திருப்பினார். வலிக்கோடு மேலே அசையாமல் படுத்துக் கிடந்தது. அதன் கீழே தூக்கத்துக்கு ஒன்று, நடைக்கு ஒன்று என்று இரண்டு கோடுகள். இரண்டும் ஏறிக்கொண்டே போயிருந்தன. ஏறத் தொடங்கிய இடத்தில் விரலை வைத்து, “அமிட்ரிப்டிலின் ஆரம்பித்த மாதம் இது” என்றார். “மதிப்பெண் குறையவே இல்லை, இந்த மாத்திரை உங்களுக்கு வேலை செய்யவில்லை” என்று அதை நிறுத்தச் சொல்லியிருந்தார் முந்தைய மருத்துவர். அவரிடமும் இதே தாள்கள்தான் இருந்தன! வருகைக்கு வருகை நிரப்பிக் கொடுத்த தாள்களை அவர் வரிசையாக வைத்துப் பார்க்கவே இல்லை. அந்த ஆற்றாமை இன்னும் தீரவில்லை.

இடதுகால்
எனக்கு அறுவை சிகிச்சைக்குப் பின் வந்த நரம்பு வலி. பிரீகாபாலின் கொடுத்தார்கள். தலைசுற்றல் தாங்காமல் விட்டேன். அங்கே போவதையும் விட்டேன். பிறகு வேறொரு காரணத்துக்காகப் போனபோது, “படிவம் திருப்பித் தருகிறவர்களில் பெரும்பாலோர் தேறிவிட்டார்கள்” என்று அங்கிருந்த மருத்துவர் மகிழ்ச்சியோடு சொன்னார். “திருப்பித் தராதவர்கள்?” என்று கேட்டேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என் பெயருக்கு நேரே ‘தொடர்பில் இல்லை’ என்று மட்டும் இருந்தது. மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனவனும், குணமாகிப் போனவனும், பஸ் ஏறி வர முடியாமல் வீட்டில் முடங்கியவனும் அந்த இரண்டு சொல்லுக்குள் ஒன்றாகிவிடுகிறார்கள்.

நெட்டிலிங்கம்
வானம்பாடி, உங்கள் நிம்மதியைக் குலைக்க எழுதவில்லை. ஆனால் மாத்திரை தொடங்கிய மாதத்தில் கோடு ஏறியதாலேயே மாத்திரைதான் ஏற்றியது என்று ஆகிவிடாது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மருத்துவரிடம் ஓடுகிறோம். உச்சம் தானாகவும் இறங்கும்.

மருத்துவமனைப் பதிவுகளைத் தப்பாகப் படித்ததன் விலை என் அண்ணனுக்குத் தெரியும். “ஓபியாய்டு பழக்கமாகாது, ஆராய்ச்சியே சொல்கிறது” என்று அந்த அபினி வகை வலி மருந்துக்கு மருத்துவர் அவர் கையில் சீட்டைக் கொடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். அந்த ‘ஆராய்ச்சி’ எது தெரியுமா? 1980இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த, ஐந்தே வாக்கியக் கடிதம். மருத்துவமனையில் படுத்திருந்தபோது அந்த வகை மருந்து பெற்ற 11,882 பேரில் 4 பேருக்கு மட்டுமே அடிமைத்தனம் பதிவாகியிருந்தது என்றது. படுக்கையில், கண்காணிப்பில் இருந்தவர்கள்! வீட்டில் ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகள் 608 என்று 2017இல் எண்ணிச் சொன்னார்கள். 2018இல் முதுகு, இடுப்பு, முழங்கால் வலிக்காரர்கள் 240 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து ஓராண்டு பார்த்தபோது, ஓபியாய்டு மற்ற மருந்துகளைவிட மேலாக இல்லை. குலுக்கிப் பிரித்த சோதனைதான் நம்பத்தக்கது என்பேன்.

செவிலி
நெட்டிலிங்கம் ஐயா, அந்த 240 பேரில், ஏற்கெனவே நீண்டகாலமாக ஓபியாய்டு எடுத்தவர்களைச் சேர்க்கவே இல்லை. என் வார்டுக்கு வருகிறவர்களோ அவர்கள்தான். கூடவே சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, மனச்சோர்வு. சோதனைகளின் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறவர்கள். ஒரு பெரியவரின் டோஸை மேலிடத்து உத்தரவு என்று ஒரேயடியாகக் குறைத்தார்கள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “நான் என்ன குற்றம் செய்தேன் அம்மா?” என்று கேட்டார். அமெரிக்காவில் ஓபியாய்டை அளவோடு எழுதித் தரச் சொன்ன 2016 வழிகாட்டுதலுக்குப் பிறகு இப்படித்தான் பலருக்கும் நடந்தது. திடீரென நிறுத்துவது ஆபத்து என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2019இல் எச்சரித்தது. டோஸ் குறைக்கப்பட்டவர்களிடம் மனநல நெருக்கடியும், மருந்து அளவு மீறி உயிருக்கு ஆபத்தாவதும் கூடுதலாகக் காணப்பட்டதை 2021இல் காட்டியது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் சிகிச்சைப் பதிவுகள். காரணம் இதுதான் என்று பதிவு நிரூபிக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று சொன்னது அதுதானே?

மழைக்குருவி
என் வலிக்குறிப்பேட்டை மருத்துவர் புரட்டாமலே திருப்பித் தந்தார். கனமான நோட்டு அது. என் கதை அவ்வளவுதான். ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன்: நோட்டைக் கொடுக்காதீர்கள், ஒரு பக்கம் கொடுங்கள். ‘பெக்’ என்று மூன்றே கேள்வி கொண்ட அளவுகோல் 2009 முதல் இருக்கிறது: கடந்த வாரம் சராசரி வலி எவ்வளவு, வாழ்க்கையை ரசிப்பதை அது எவ்வளவு கெடுத்தது, அன்றாட வேலைகளை எவ்வளவு கெடுத்தது. வாரம் ஒருமுறை ஒரே கிழமையில் போடுங்கள். வலி பொறுக்க முடியாத நாளில் மட்டும் எழுதினால் தாள் முழுக்க அந்த நாள்களே நிற்கும். எழுதிக் கொடுத்த டோஸை அல்ல, விழுங்கிய டோஸை எழுதுங்கள். மருந்தை விட்டிருந்தால் ஏன் விட்டீர்கள் என்றும் எழுதுங்கள். இடதுகால், நீங்கள் “தலைசுற்றல், நிறுத்திவிட்டேன்” என்று ஒரு வரி அனுப்பியிருந்தால் அடுத்தவருக்குக் குறைந்த டோஸில் தொடங்கியிருப்பார்களே! பிசியோதெரபியையும் சேருங்கள், அதை யாரும் பதிவதே இல்லை. இன்னொன்று…

இடதுகால்
மழைக்குருவி, எழுந்து நிற்கவே முடியாத வாரத்தில் நான் வரி அனுப்பியிருக்க வேண்டுமா? ஒரு தொலைபேசி அழைப்பு அவர்கள் பக்கத்திலிருந்து வந்திருக்கலாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வலி மையங்கள் 2013 முதல் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்டுப் பொதுப் பதிவேட்டில் சேர்க்கின்றன. சிகிச்சை முடிந்து சில மாதம் கழித்தும் நோயாளியைத் தேடிக் கேட்கிறார்கள். தேடுவது அவர்கள் வேலை.

புதியவள்
எனக்கு ஒற்றைத் தலைவலி. மூன்று நாள் இருட்டறை, நான்கு நாள் ஒன்றுமே இல்லை. படிவத்தில் ‘வாரச் சராசரி’ என்று கேட்டதும் 4 என்று எழுதினேன். “4தானே, லேசான வலி” என்று அந்த மருத்துவர் பக்கத்தைத் திருப்பிவிட்டார். என் வாழ்வில் 4 என்று ஒரு நாள்கூட இருந்ததில்லை. விட்டுவிட்டு வரும் வலி உள்ளவர்கள் இந்தப் படிவத்தில் என்ன எழுதுகிறீர்கள்?