தொட்டி உப்பு 30-லிருந்து 15-க்கு இறங்க எத்தனை நிமிடம்?

கடைமடை:
வேதாரண்யம் பக்கம் இறால் குஞ்சுத் தொட்டி, 10,000 லிட்டர். உப்பு லிட்டருக்கு 30 கிராம். லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள போர் தண்ணி நிமிஷத்துக்கு 50 லிட்டர் உள்ளே, அதே 50 வெளியே. 15-க்கு இறங்கணும். குறைய வேண்டியது 1,50,000 கிராம். நிமிஷத்துக்கு 50 × 28 = 1,400 போகுது, வகுத்தா 107 நிமிஷம். ஆனா அப்போ உப்பு அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டர்ல 18-க்கு மேல நிக்குது. எங்கே தப்பு?

மாறிலி:
1,400 முதல் நிமிஷத்துக்கு மட்டும்தான் சரி. தொட்டி நீர்க்க நீர்க்க, வெளியே போற தண்ணியிலயும் உப்பு குறையுதே! மொத்த உப்பு 'உ' கிராம்னா,
உ மாறும் வேகம் = 100 − உ/200
(100 என்பது 50 × 2, 200 என்பது 10,000/50.) மாறிகளைப் பிரிச்சுத் தொகையிட்டா, ந நிமிஷத்துல செறிவு
செ = 2 + 28 × இ^(−ந/200), இ = 2.718
செ = 15 போட்டா ந = 200 × எல்என்(28/13) (எல்என் என்பது இ-அடிமான மடக்கை), அதாவது 153½ நிமிஷம். 107 போட்டுப் பாருங்க, 18.4 வரும், மீட்டர் பொய் சொல்லலை. 28 இருக்கிற இடத்துல 30 போடுறது பலரும் விடுற பிழை. உள்ளே வர்ற தண்ணியின் 2-ஐக் கழிச்சுத்தான் போடணும். ஜூன்ல மேட்டூர் திறந்து வாய்க்கால் தண்ணி கிடைச்சா 2-ஐ 0-ன்னே வைக்கலாம், 139 நிமிஷம்.

கடைமடை:
நன்றி சார். தொட்டியில 8,000 லிட்டர் மட்டும் வச்சு, உள்ளே அதே 50, வெளியே 40 விட்டா?

மாறிலி:
கொள்ளளவு 8,000 + 10ந ஆகிடும், இ-அடுக்கு வராது. தொகையிட வசதியா சமன்பாட்டைப் பெருக்க வேண்டிய தொகையீட்டுக் காரணி (800 + ந)^4.
செ = 2 + 28 × (800/(800 + ந))^5
15-க்கு 133 நிமிஷம். அப்போ தொட்டியில 9,330 லிட்டர், வழியாது.

உப்பங்கழி:
இதெல்லாம் தண்ணி நல்லாக் கலந்தாத்தான். நல்ல தண்ணி இலேசு, மேலேயே மிதக்கும். வடிகுழாய் மேல இருந்தா வந்த தண்ணியே வெளியே ஓடிடும், அடியில 30 அப்படியே கிடக்கும். அடியில இருந்து வடிங்க, காற்றுக் குமிழி விடுற ஏர் கல்லைப் போட்டு வைங்க, மேலேயும் அடியிலேயும் தனித்தனியா அளங்க.

தொட்டியில இன்னும் குஞ்சு விடலைன்னா தண்ணியை ஓட விடவே வேண்டாம். 5,357 லிட்டரை வடிச்சு அதே அளவு நிரப்பினா 15 வந்துடும். ஓடவிட்டா 7,670 லிட்டர் செலவு. குஞ்சு உள்ளே இருந்தா ரெண்டு வழியுமே அளவுக்கு மீறின வேகம். ஒரு நாளைக்கு மேல இழுத்து மெதுவா இறக்குங்க.