கேரவன் டிரெய்லர் ஷெட்டுக்குள் நுழையவில்லை: ஷட்டர் உருளையை வெளிப்புறம் மாற்றலாமா?

உச்சிப்புளியில் கடலை ஒட்டியுள்ள எங்கள் வீட்டின் கார் ஷெட்டில், கோயம்புத்தூரில் செய்து வாங்கிய ஒற்றை அச்சு கேரவன் டிரெய்லரை நிறுத்த முடியவில்லை. நீளத்தில் சிக்கல் இல்லை, உயரம்தான் இடிக்கிறது. கூரையில் உள்ள காற்றுப்போக்கியின் மூடியோடு சேர்த்து டிரெய்லர் 7 அடி 6 அங்குலம். வாசலின் லிண்டல் (மேல்சுவரைத் தாங்கும் விட்டம்) 8 அடி உயரத்தில் இருந்தாலும், ஷட்டர் சுருளும் உருளை உட்புறத்தில் 10 அங்குலம் கீழிறங்கி நிற்பதால், 7 அடி 2 அங்குலமே மிஞ்சுகிறது.

மூடியைக் கழற்றியதில் 3 அங்குலமும், டயர்களின் காற்றைக் குறைத்ததில் ஓர் அங்குலமும் கிடைத்தன. ஆனால் மழைநீர் புகாதிருக்கத் தரையை உயர்த்திக் கட்டியிருப்பதால், பின்பக்கமாகத் தள்ளும்போது சக்கரங்கள் சாய்தளத்தில் ஏற ஏற, கூரையின் பின்விளிம்பு மேலெழுந்து உருளையின் தகர உறையில் உரசுகிறது. முன்பக்கத் தாங்கு சக்கரத்தைத் திருகி இழுவைக் கொக்கியை உயர்த்தினால், பின்புற பம்பர் சாய்தளத்தில் தட்டுகிறது. லிண்டலை உடைக்கலாம் என்கிறார் கொத்தனார்; மேலே மாடிச் சுவர் இருப்பதால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

பங்குனியிலிருந்து டிரெய்லர் தார்ப்பாய்க்குள் வெளியிலேயே நிற்கிறது. உப்புக்காற்றின் ஈரம் உள்ளே தங்கி, பட்டை ஸ்பிரிங்கின் நட்டுகளில் துரு செதில் செதிலாக உரிகிறது. ஐப்பசி மழைக்குள் உள்ளே ஏற்றியாக வேண்டும்.

உருளையை வாசலின் வெளிப்புறத்தில் லிண்டலுக்கு மேலே மாற்றிப் பொருத்தினால், இந்தக் கடற்கரைக் காற்றில் அதன் ஸ்பிரிங்கும் பேரிங்கும் தாங்குமா?