கர்னல் நினைவக ஒதுக்கீடு: ஆவணத்தில் எழுத வேண்டியது நடப்பையா, உத்தரவாதத்தையா?

கயல்விழி:
லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலின் நினைவக ஒதுக்கீட்டு வழிகாட்டியில் ஓர் இடத்தை மாற்றியே ஆக வேண்டும். எப்படி ஒதுக்க வேண்டும் என்று கர்னலுக்குச் சொல்லும் குறிகளில், அதாவது கொடிகளில், வழக்கமானதான ஜிஎஃப்பி_கர்னலைப் போட்டுச் சிறிய அளவில் இடம் கேட்டால் கிட்டத்தட்ட தோற்காது என்கிறது அது. உடனேயே, அதற்கு உத்தரவாதம் இல்லை, தோல்வியைச் சோதியுங்கள் என்கிறது. புதிதாக டிரைவர் எழுத வருபவர் முதல் பாதியை மட்டும்தான் மனதில் வைத்துக்கொள்கிறார். தோல்விப் பாதையை எழுதினாலும் ஓட்டிப் பார்ப்பதில்லை. இரண்டாவது ஒதுக்கீடு தோற்றால் முதலில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறோமா என்பதைக்கூட யாரும் பார்ப்பதில்லை. தோற்கலாம், நல் பாயிண்டர் (இடம் கிடைக்கவில்லை என்பதைக் காட்டும் வெற்று முகவரி) வந்ததா என்று பாருங்கள். ஆவணம் சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

செழியன்:
இதை ஏற்க முடியவில்லை. "தோற்காது" என்றால் கிடைக்கும் வரை திரும்பி வராது என்றும் பொருள். நினைவகத்தைப் பிரிக்கும் அலகான பக்கம் 4 கேபி என்றால், 32 கேபி வரையிலான கோரிக்கைக்கு கர்னல் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். வேறு வழி இல்லாவிட்டால், நினைவகம் தீரும்போது இடம் மீட்கும் கர்னல் பகுதியான ஓஓஎம் கில்லர், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புராசஸைக் கொல்லும். ஒரு கோப்பு முறைமை, மியூட்டெக்ஸை (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கக்கூடிய லாக்) பிடித்துக்கொண்டே இடம் கேட்கிறது என்று வையுங்கள். கொல்லத் தேர்ந்தெடுத்த புராசஸ் அதே மியூட்டெக்ஸுக்காகக் காத்திருக்கிறது. லாக் கிடைக்காமல் அது சாகாது, நினைவகம் கிடைக்காமல் இது லாக்கை விடாது. 2016-இல், கொல்லப்படும் புராசஸ் முடியும் முன்பே அதன் நினைவகத்தை மீட்கும் ஓஓஎம் ரீப்பர் வந்த பிறகு இந்தச் சிக்கல் வெகுவாகக் குறைந்தது, சரி. ஆனால் நீங்கள் சொல்லும் ஆவணத்தைப் படித்தவர், இடம் இல்லையென்றால் நல் வந்துவிடும், பின்வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பித்தானே லாக்கைப் பிடித்திருப்பார்?

கயல்விழி:
நடப்பை எழுதி வைத்தால் அதுவே உத்தரவாதம் ஆகிவிடும் என்பதுதான் என் பயம். எழுதாமலே அப்படி ஆகியிருக்கிறது. கர்னலில் இடம் கேட்கும் செயற்கூறான கே-மல்லாக்கில் 512 பைட் கேட்டால், வழக்கமாக 512-ஆல் வகுபடும் முகவரிதான் கிடைத்துவந்தது. யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. வட்டில் எழுதும் குறியீடுகள் அதை நம்பின. சிறு ஒதுக்கீடுகளைக் கவனிக்கும் ஸ்லப் பகுதியின் பிழைதேடல் வசதியை இயக்கியதும் முகவரி நகர்ந்தது, அவை உடைந்தன. கடைசியில் 5.4 பதிப்பில், 2019-இல், இரண்டின் அடுக்காக உள்ள அளவுகளுக்கு அதை முறையான உத்தரவாதமாகவே ஆக்க வேண்டியதாயிற்று.

செழியன்:
அதே உதாரணத்தைத்தான் நானும் காட்டுவேன். இன்று இப்படி நடக்கிறது, ஆனால் நம்பாதீர்கள் என்று ஒரு வரி அன்றே இருந்திருந்தால், உத்தரவாதம் வேண்டும் என்று கேட்பவர்கள் பல ஆண்டுகள் முன்பே கேட்டிருப்பார்கள். எழுதாமல் விட்டதால்தான் ஆளாளுக்கு ஊகித்தார்கள்.

முகிலன்:
இருவரும் ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். தெளிவாக விளக்க முடியாத கொடி இருந்தால் அந்தக் கொடியிலேயே கோளாறு. ஜிஎஃப்பி_டெம்பரரி என்று ஒன்று 2007 முதல் இருந்தது. தற்காலிகம் என்றால் எவ்வளவு நேரம், அதை வைத்துக்கொண்டு தூங்கலாமா (ஓட்டத்தை நிறுத்திக் காத்திருக்கலாமா), லாக் எடுக்கலாமா என்று எங்கும் சொல்லவில்லை. பெயரைப் பார்த்து ஆளாளுக்குப் போட்டார்கள். 2017-இல் நீக்கிவிட்டார்கள்.

இடம் விடுவிக்கும்போது கோப்பு முறைமையைத் தொடாதே என்று சொல்லும் ஜிஎஃப்பி_நோஎஃப்எஸ் கொடியின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். எதற்கும் இருக்கட்டும் என்று கண்ட இடத்தில் போட்டால், இடம் விடுவிக்கும் வேலையில் கோப்பு முறைமையின் பக்கம் போகவே வழி இருக்காது. அதனால்தான் இப்போது, சிக்கலான லாக் தொடங்கும் இடத்தில் மெம்அலாக்_நோஎஃப்எஸ்_சேவ் போட்டு, முடியும் இடத்தில் ரீஸ்டோர் போடச் சொல்கிறார்கள்; இடையில் வரும் ஒதுக்கீடுகளுக்கு மட்டும் அந்தத் தடை பொருந்தும். ஏன் இந்த லாக் என்ற விளக்கத்தையும் அங்கேயே எழுத வேண்டும்.

கயல்விழி:
முகிலன் சொல்வது சரி, ஆனால் ஜிஎஃப்பி_கர்னலை நீக்க முடியாதே. சரி, செழியன், உங்கள் வரி இருக்கட்டும். பக்கத்திலேயே தோல்வியை வரவழைக்கும் வழியும் இருக்க வேண்டும். ஒதுக்கீடுகளை வேண்டுமென்றே தோற்கடித்துச் சோதிக்கும் ஃபெயில்ஸ்லாப் வசதி இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதாது. அப்படியே இயக்கினால் அது தூங்கக்கூடிய ஒதுக்கீடுகளைத் தொடாது. அதன் இக்னோர்-ஜிஎஃப்பி-வெயிட் அமைப்பின் மதிப்பை 'என்' (N, அதாவது இல்லை) என்று மாற்றினால்தான் ஜிஎஃப்பி_கர்னல் கோரிக்கைகளும் தோற்கும். இது தெரியாமல் சோதித்துவிட்டு, எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று பேட்ச் (சேர்க்கச் சொல்லி அனுப்பும் மாற்றம்) அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

செழியன்:
அதைச் சேர்ப்பதில் எனக்கு மறுப்பே இல்லை, சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் ஃபெயில்ஸ்லாப் நல் வரும் பாதையை மட்டும்தான் காட்டும், திரும்பி வராமல் நிற்பதைக் காட்டாது. அதற்கு என் வரி அப்படியே வேண்டும்: "சிறிய கோரிக்கை இப்போதைக்குத் தோற்பதற்குப் பதில் காத்திருக்கும், எவ்வளவு நேரம் என்று வரையறை இல்லை, இதை நம்பிச் சோதனையை விடாதீர்கள்."

கயல்விழி:
"காத்திருக்கும்" வேண்டாம், "காத்திருக்கலாம்" என்று போடுங்கள். அப்புறம், "சோதனையை விடாதீர்கள்" முதலில் வரட்டும். அப்படி அனுப்பினால் பேட்ச்சை நானும் பார்த்து ஒப்புதல் தருகிறேன்.

செழியன்:
வரிசையை மாற்றுகிறேன். "காத்திருக்கும்" என்பதை மாற்ற மாட்டேன். "லாம்" போட்டால் லாக் பிடிப்பவர் அதைப் பொருட்படுத்தவே மாட்டார்.